பென்னி மாடி ஏறிய காலை

எங்கள் சந்தையில் ஒரு பென்னி இருக்கிறது. அதை யாரும் செலவழிப்பதில்லை. ஆனால் தினமும் காலையில் எல்லோரும் அதைக் கொடுத்துத்தான் எதையாவது வாங்குகிறார்கள். சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. மாலை வகுப்பில் ஆசிரியர், "நடந்ததை நடந்த வரிசையில் எழுது, நீ நினைத்ததையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். பென்னி போகிற வரிசையிலேயே எழுதிப் பார்க்கிறேன்.

அது படகுத்துறை வாசலில் உப்பும் மூலிகையும் விற்கும் டார்டாஃபிடம் இருக்கிறது. இப்போதைய ராணியின் தாத்தா முகம் போட்ட பெரிய செப்புக் காசு. முகம் தேய்ந்து மூக்கு மட்டும்தான் மிச்சம். வெளியே எந்தக் கடையிலும் செல்லாது. சந்தை திறக்கும் காலை மணி அடிப்பதற்கு முன் டார்டாஃப் அதைப் பக்கத்துக் காய்கறிக் கடையில் கொடுத்து ஒரு முட்டைக்கோஸ் வாங்குவார். காய்கறிக்காரர் அதை எடுத்துக்கொண்டு தரை சரிந்து இறங்கும் கோடிக்குப் போவார். மீன் கழுவின தண்ணீர் ஓடிப்போக வேண்டுமென்பதால் மீன் கடைகள் அங்கேதான். அங்கே திருமதி புல்லனிடம் ஓர் உப்பு மீன். புல்லன் அம்மா பென்னியோடு திரும்பினால் வடக்குச் சுவரை ஒட்டி இறைச்சி வரிசை, வெயில் எட்டாத பக்கம். ஆட்டுத்தொடை, குடல், தலைகீழாய்த் தொங்கும் முயல் என்று கடை கடையாகப் போய், கடிகாரச் சுவரை ஒட்டிய கடைசிக் கசாப்புக் கடைக்கு வரும். அது சக்டனுடையது. சக்டன் வண்டிகள் போகும் நடுப்பாதையைக் கடந்து எதிர்ச்சாரிக்கு வருவார். எதிர்ச்சாரியில் முதல் கடை வெண்ணெய்க் கடை. அங்கே நிற்பவள் நான். முதலாளி காலையில் வருவதில்லை. என்னிடமிருந்து பாலாடைக்கட்டி, பிறகு ரொட்டி, பிறகு மறுபடி டார்டாஃபின் உப்பு. மணி அடிக்கும்போது பென்னி வீட்டுக்கு வந்திருக்கும். எல்லாக் கடைக்கும் போணி ஆகியிருக்கும்.

விதி இரண்டுதான். மணிக்குள் பென்னி திரும்ப வேண்டும். பண்டம் வாங்காமல் பென்னி கை மாறக் கூடாது. சும்மா கொடுத்தால் அது பிச்சை, பிச்சைக் காசில் போணியான கடை வாரம் முழுக்க விளங்காது என்பார்கள். நான் மாலை வகுப்புக்குப் போகிறவள், இதையெல்லாம் நம்பலாமா என்று என்னையே கேட்டிருக்கிறேன். ஆனால் ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பென்னி யார் யார் கையில் போகிறதோ அவர்கள் ஒருவர் கடையை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். சில்லறை மாற்றித் தருகிறார்கள். வருகிறவர்களை, "அங்கே போ, நல்ல சரக்கு" என்று அனுப்புகிறார்கள். பென்னி போகாத கடை சந்தைக்குள் இருந்தாலும் சந்தையில் இல்லை.

என் அக்கா கெசியாவின் கடைக்கு அது போகவில்லை.

அக்கா சாயப்பட்டறையில் சிறுமியாகச் சேர்ந்தவள். மணிக்கட்டு வரை நீலம் ஏறிய கைகள். போன குளிர்காலத்தில் இருமல் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் சந்தையில் இரும்பு மாடி கட்டினார்கள். நான்கு சுவரையும் சுற்றிக்கொண்டு ஓடும் மாடி, கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சுருள் படி. வாடகை குறைவு. ஏனென்றால் யாரும் ஏறுவதில்லை. பீங்கான்காரரும் ரிப்பன்காரியும் பழைய புத்தகக்காரரும் சனிக்கிழமை மட்டும் வருவார்கள். மற்ற நாளெல்லாம் அங்கே அக்கா ஒருத்திதான், ஓர் அடுப்பும் ஒரு பெரிய பானையும். வேகவைத்த பட்டாணி, மேலே வினிகர், ஒரு சிட்டிகை புதினா. கிண்ணம் ஒரு பென்னி.

சாயப்பட்டறை மேஸ்திரியம்மா, "ஈஸ்டர் வரைக்கும் உன் இடத்தை வச்சிருக்கேன். அதுக்கு மேல முடியாது" என்று சொல்லியிருந்தாள். ஈஸ்டருக்குள் கடை நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி நீலம், மறுபடி இருமல்.

நான் என் வழியில் சில முயற்சிகள் செய்தேன். முதலில், நானே காலையில் மாடி ஏறி ஒரு கிண்ணம் வாங்கினேன்.

"இந்தாக்கா, போணி பண்ணு."

"வீட்டுக்குள்ள சுத்துற காசு போணி ஆகுமாடி? ஒரே பானையில தின்னுட்டு, ஒரே போர்வைக்குள்ள தூங்கிட்டு, போணி பண்றாளாம். எடுத்து உள்ள வை."

அடுத்து, ஓர் அட்டையில் மாடியைச் சுட்டும் கை ஒன்று வரைந்து படியருகே சாய்த்து வைத்தேன். விரல்கள் சரியாக வரவில்லை என்று இரண்டு முறை அழித்து வரைந்தேன். மறுநாள் யாரோ அதற்கு முன்னால் மீன்பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். என் கை நாள் முழுக்க மீன்பெட்டியையே சுட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் டார்டாஃபிடமே போனேன்.

"பெரியவரே, மாடியிலயும் ஒரு கடை இருக்குது."

"இருக்கட்டுமே. நானா வாடகை குடுக்கப் போறேன்?"

"பென்னி அங்கயும் ஒரு எட்டு போய்ட்டு வந்தா..."

"அதுக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி கண்ணு. படி ஏறாது."

உப்பு வாங்க வந்திருந்த திருமதி புல்லன் சிரித்தாள். அவள் சிரித்தால் மீன் வரிசை முழுக்கக் கேட்கும். "மாடியில இருக்கிறது புறாவும் கெசியாவும்தான். புறாகிட்ட போணி பண்ணச் சொல்லேன்! சக்டன் அந்தச் சுருள் படியில ஒரு தடவை ஏறினா, மறுநாள் படிய அறுத்துத்தான் ஆளை எடுக்கணும்."

அவள் சொன்னதில் நியாயமும் இருந்தது. படியேறி இறங்கினால் மணிக்குள் சுற்று முடியாது. என் கடைக்குத் திரும்பிவிட்டேன். அன்று எழுத வேண்டிய பயிற்சியையும் எழுதவில்லை.

கப்பியைப் பற்றி இந்த இடத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். சுருள் படியில் மூட்டை தூக்க முடியாது. அதனால் அக்கா மாடிக் கைப்பிடிக் கம்பியில் ஒரு கப்பி கட்டி, கீழே சக்டன் கடையோரத்திலிருந்து பட்டாணியையும் கரியையும் கூடையில் வைத்து இழுத்துக்கொள்வாள். அவள் கடை சக்டனின் தலைக்கு நேர் மேலே.

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள். இரவெல்லாம் கடும் பனி. நடுப்பாதையில் இருக்கும் நீரூற்று வழிந்து, கல்தளம் முழுக்கக் கண்ணாடி போல உறைந்து கிடந்தது. பென்னி வழக்கம்போலக் கிளம்பி, மீன் கடந்து, இறைச்சி வரிசை கடந்து சக்டனிடம் வந்தது. அவர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு பாதையில் கால் வைக்கப் போகும்போது, முட்டைக்கோஸ் ஏற்றிய வண்டி ஒன்று உள்ளே வந்தது. குதிரை வழுக்கி விழுந்தது. வண்டி குறுக்கே சாய்ந்தது. சாரிக்குச் சாரி முட்டைக்கோஸ் உருண்டது. விழுந்த குதிரை காலை உதைத்துக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு, "கிட்ட வராதீங்க! யாரும் கிட்ட வராதீங்க!" என்று கத்தினார்.

எதிர்ச்சாரியில் நான் கையில் வெண்ணெய்க் கரண்டியோடு நின்றேன். இந்தப் பக்கம் சக்டன் பென்னியோடு நின்றார்.

"வீசுங்க சக்டன்!" என்றது ரொட்டிக் கடை.

"வீசினா பிச்சைடா முட்டாளே!"

"மீன் பக்கமா சுத்திப் போங்க!"

"இந்த முட்டிய வச்சுக்கிட்டா? இந்த ஐஸு மேலயா? நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஈஸ்டர் வந்துரும்!"

கடிகாரத்தின் கீழே சந்தைக் கண்காணிப்பாளர் வந்து மணிக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். அவருக்குப் பென்னியைப் பற்றிக் கவலை கிடையாது.

அப்போது மேலேயிருந்து அக்காவின் குரல்.

"சக்டன் அண்ணே! பட்டாணி வேணுமா?"

சக்டன் நிமிர்ந்து பார்த்தார். அவர் மூக்குக்கு நேரே கூடை இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு கிண்ணம், ஆவி பறந்தது. ஒரு கணம் அவருக்குப் புரியவில்லை. பிறகு இரண்டு கையாலும் கிண்ணத்தை எடுத்து, பென்னியைக் கூடையில் போட்டார்.

"வாங்கிட்டேன்! எல்லாரும் பாத்துக்கங்க, வாங்கிட்டேன்!"

கூடை மேலே போனது. அக்கா கப்பியிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு கடிகாரச் சுவரை ஒட்டிய மாடியில் ஓடினாள். இரும்புத் தளத்தில் அவள் மரச்செருப்பு தடதடவென்று கேட்டது. குதிரை, வண்டி, ஐஸ் எல்லாவற்றுக்கும் மேலாகக் கடந்து வந்து, என் தலைக்கு மேல் நின்றாள். கப்பி இல்லாமல் வெறுங்கையால் கூடையை இறக்கினாள்.

"திர்சா! ஒரு பென்னிக்கு வெண்ணெய்!"

கூடை என் முகத்துக்கு நேரே ஆடியது. பென்னியை எடுத்தேன். "ஓடுடி!" என்று யாரோ கத்தினார்கள். ஓடினேன். பாலாடைக்கட்டிக்காரர் துண்டை வெட்டித் தயாராக வைத்திருந்தார். அவர் ரொட்டிக் கடைக்கு ஓடினார், ரொட்டிக்காரர் உப்புக்கு ஓடினார். டார்டாஃப் பென்னியை உள்ளங்கையில் மூடவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. சந்தையே கைதட்டியது. குதிரைகூட எழுந்து நின்றுவிட்டது.

கைதட்டல் அடங்கியபோது திருமதி புல்லன் விரலை நீட்டினாள். என் கடைக்கு முன்னால் கூடை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"அதுல என்ன இருக்கு?"

கூடையில் ஒன்றும் இல்லை.

"வெண்ணெய் எங்க பொண்ணே?"

வெண்ணெய் என் கரண்டியில் இருந்தது. ஒரு பென்னி அளவு, உருட்டி, தயாராக. அதை அந்தக் கரண்டியோடு பலகையில் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். சந்தையில் தவழ்கிற பிள்ளைகூடச் செய்யாத தவறு.

"பிச்சை!" என்றது ஒரு குரல். "பிச்சைக் காசுல சுத்து முடிஞ்சிருக்கு!"

"விடுங்கப்பா," என்றார் சக்டன், வாய் நிறையப் பட்டாணியோடு. "பென்னிதான் வீடு வந்திருச்சே."

"எப்படி வந்துச்சு? அவ கையேந்தி வாங்கிட்டு ஓடிட்டா!"

எனக்குக் கண் கலங்கியது. "இப்பவே மேல கொண்டு போய்க் குடுத்துடறேன்," என்றேன்.

"மணி அடிச்சாச்சு," என்றாள் புல்லன். "இப்ப குடுத்தா அது வியாபாரம், போணி இல்ல."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரோ, மாடிக்காரிக்கு இதில் என்ன வேலை, அவள் தலையிட்டதால்தான் இவ்வளவும் என்றார்கள். நான் மேலே பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. அக்காவின் குரல் மட்டும் வந்தது, இருமல் இல்லாமல், நிதானமாக.

"நான் பிச்சை போடல. வெலைக்கு வாங்கினேன். என் வெண்ணெய் எனக்கு வந்தாகணும்."

அவள் கேட்டது சரி. ஏனென்றால் அதுதான் விதி. திருமதி புல்லன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மாடியை வெகுநேரம் பார்த்தாள். அவள் கடற்கரையிலிருந்து வந்தவள், அவள் வீட்டு ஆண்கள் இன்னும் வலை போடுகிறவர்கள்.

"வலை கிழிஞ்சா எங்கேருந்து தைப்பீங்க?" என்று கேட்டாள், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல். "நல்லா இருக்கற ஓரத்துலேருந்தா? கிழிஞ்ச கண்ணுலேருந்துதான் முதல் முடிச்சு. நாளைக்குச் சுத்து அங்கேருந்து கிளம்பட்டும்." கையால் மேலே காட்டினாள்.

"அங்கேருந்தா?" என்றார் டார்டாஃப். "பென்னிய யாரு மேல கொண்டு போறது?"

"பென்னி யாருதோ அவருதான்."

அன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. நானும் அக்காவும் கால்வாயோரம் வீட்டுக்கு நடந்தோம். அவள் கோபமாக இருக்கிறாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அக்கா, நான் வேணும்னு செய்யல. ஆனா நல்லதுக்குத்தான் ஆச்சோ என்னவோ. இல்ல, கெட்டதா? நாளைக்கு ஒரு நாள் மட்டும் வந்துட்டு அப்புறம் யாரும் வரலைன்னா..."

"நீ மறந்தது நல்லதா கெட்டதான்னு நாளைக்குத் தெரியும். இப்ப போய்ப் பட்டாணிய ஊறப் போடு."

மறுநாள் காலை டார்டாஃப் சுருள் படி ஏறினார். ஒவ்வொரு வளைவிலும் நின்று, கட்டினவர்களைத் திட்டினார். சந்தை முழுக்க வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. மேலே போய்ச் சேர்ந்ததும் பென்னியை அக்காவின் பலகையில் வைத்தார். அக்கா கிண்ணத்தை நீட்டினாள். அவர் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு தின்னத் தொடங்கினார். தின்றபடி கீழே பார்த்தார். நாற்பது வருஷம் வாசலில் உட்கார்ந்திருந்தவர் சந்தையை மேலேயிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அடேயப்பா," என்றார். "என் கடை இவ்வளவு சின்னதா? இதுக்கா நான் இத்தனை சண்டை போட்டேன்?" பிறகு கண்ணைச் சுருக்கினார். "ஏ புல்லன்! உன் பின்னாடிக் கூடையில கிடக்கறது நேத்து மீனுதான?"

"வாயில பட்டாணி இருக்குல்ல, அதைப் பாரும்!" என்று கீழேயிருந்து கத்தினாள் புல்லன். ஆனால் ஒரு சாக்கை எடுத்து அந்தக் கூடையை மூடினாள். இறைச்சி வரிசை சிரித்துத் தீர்த்தது.

கூடை என்னிடம் இறங்கியது. முந்தின நாளைக்கு ஓர் உருண்டை, அன்றைக்கு ஓர் உருண்டை என்று இரண்டு வைத்தேன். பென்னி கிளம்பியது. பாலாடைக்கட்டி, ரொட்டி, உப்பு. டார்டாஃப் எப்படியோ அதற்குள் இறங்கி வந்துவிட்டார். காய்கறி, மீன், இறைச்சி. கிளம்பின இடத்தில்தான் சுற்று முடிய வேண்டும், அதனால் சக்டன் நடுப்பாதையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் கையை நீட்டி, "இறக்கு தங்கச்சி, வினிகர் தாராளமா!" என்றார். மணி அடித்தபோது பென்னி மாடியில் இருந்தது.

அதன் மறுநாள்தான் எனக்குப் பயமாக இருந்தது. பாதை காய்ந்து சுத்தமாகிவிட்டது. முந்தின மாலையே அக்கா உப்பு வாங்கி அதைத் திருப்பியிருந்ததால், பென்னி மறுபடி டார்டாஃபிடமிருந்து கிளம்பியது. கிழிசல் தைத்தாயிற்று, இனி மாடிக்குப் போக யாருக்கும் கட்டாயம் இல்லை. சக்டன் பென்னியோடு கடை விளிம்பில் நின்று என்னைப் பார்த்தார். நான் கரண்டியில் வெண்ணெயோடு நின்றேன். அவர் மேலே பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"திர்சா கண்ணு, தப்பா நினைச்சுக்காத. பல வருஷமா தினம் காலையில வெண்ணெய். இன்னொரு உருண்டை வீட்டுக்கு வந்தா உங்களையே உருக்கிடுவேன்னு என் பொண்டாட்டி சொல்லிட்டா." சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்துக் கத்தினார். "ஒரு கிண்ணம்!"

யாராவது தடுப்பார்கள் என்று மீன் பக்கம் பார்த்தேன். திருமதி புல்லன் மும்முரமாக மீன் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு பென்னி அப்படித்தான் போகிறது. கறி வாங்க வருகிறவர்கள் ஆவியோடு ஒரு கிண்ணம் வானத்திலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு, "அது எங்க கிடைக்கும்?" என்கிறார்கள். சக்டன் கத்தியால் மேலே காட்டுகிறார். நான் வரைந்த கையைவிட அந்தக் கத்தி நன்றாக வேலை செய்கிறது. கடையை விட்டு நகர முடியாத கசாப்புக்காரர்களும் மீன்காரர்களும் மதியத்தில் கீழேயிருந்தே குரல் கொடுக்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். செவ்வாய்க்கிழமைகளில் பானை பாதிக்கு மேல் இறங்குவதில்லை. சனிக்கிழமை ரிப்பன்காரி தன் சரக்கில் வினிகர் வாடை ஏறுகிறது என்று சண்டைக்கு வருகிறாள். ஆனால் அக்கா இரண்டாவது பானை வாங்கிவிட்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை சாயப்பட்டறை மேஸ்திரியம்மா வந்தாள். என்னிடம் வெண்ணெய் வாங்கிவிட்டு, "உன் அக்கா எங்கடி?" என்று கேட்டு மாடி ஏறினாள். நான் கடையை ரொட்டிக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே ஏறினேன். கேட்காமல் கீழே நிற்க என்னால் முடியவில்லை.

மேஸ்திரியம்மா ஒரு கிண்ணம் தின்று முடித்து, இன்னொன்று வாங்கினாள்.

"திங்கக்கிழமை லீவு. செவ்வாய்க்கிழமை ஆள் வேணும் கெசியா. என்ன சொல்ற?"

அக்கா கரண்டியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நீலம் மணிக்கட்டிலிருந்தும் உள்ளங்கையிலிருந்தும் போய்விட்டது. நகக் கண்ணில் மட்டும் கொஞ்சம் இருந்தது.

"செவ்வாய்க்கிழமை எனக்கு இங்க போணி இருக்கும்மா," என்றாள். "வேற யாருக்காவது குடுத்துடுங்க."

மேஸ்திரியம்மா கிண்ணத்தை வழித்துத் தின்றாள். "வினிகர் கொஞ்சம் கம்மி," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவள் போனதும் அக்கா முதுகைத் திருப்பிக்கொண்டு பானையைக் கிளறினாள். கிளற வேண்டிய அவசியம் இல்லை. நான் கடைக்கு இறங்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை. மணிக்கு முன். மேலே மரச்செருப்பு தடதடத்தது, கூடை இறங்கியது. முதலில் வெண்ணெயை வைத்தேன். பிறகுதான் பென்னியை எடுத்தேன்.